"புதுசா ஒரு த்ரில்லர் சொல்லு, லாத்தா!"

வளைகுடாவிலிருந்து லீவில் வரும் என் தம்பிமாருக்கு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இந்தக் கேள்வி வந்துவிடும். ராஜேஷ்குமாரின் விவேக், சுபாவின் நரேந்திரன், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா என்று எந்தத் துப்பறிவாளர் கதையை எடுத்தாலும் "படிச்சாச்சு!" ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் நாவல் எழுதிய ராஜேஷ்குமாரே போதாத கூட்டம் இது.

இந்த முறை விடவில்லை. தொதல் இனிப்புத் துண்டுகளைத் தட்டில் அடுக்கி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னேன்: "1858. நம்ம கீழக்கரை."

வாய்க்குப் போன தொதல் பாதியில் நின்றது!

புத்தகத்தின் பெயர் 'மதீனத்துந் நுஹாஸ்'. எழுதியவர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம். காயல்பட்டினத்தில் 1816இல் பிறந்து, கீழக்கரையில் தைக்கா சாகிபு என்ற பெரியவருக்கு மருமகனானவர். அதனால்தான் 'மாப்பிள்ளை'. பாடப்புத்தகம் முதல் தமிழ் நாவல் என்று 1879இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தைக் காட்டும். எங்கள் ஊர்ப் பெரியவர்களோ "அதுக்கு 21 வருசம் முந்தியது எங்க கிதாபு" என்பார்கள். அது நாவலா, பழங்கதையா என்ற வழக்கு அப்படியே இருக்கட்டும். எனக்கு நெஞ்சு படபடத்தது வேறு விஷயத்தில், அந்தப் புத்தகத்தின் எழுத்தில்.

திரைக்குப் பின்னால் வாருங்கள். அந்தக் காலத்துக் கிதாபு ஒன்றைத் திறந்தால் வலமிருந்து இடமாக அரபு எழுத்துதான் தெரியும். அரபி தெரிந்தவர் படித்தால் பொருள் புரியாது. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஓர் எழுத்தும் ஓடாது. வாய்விட்டு வாசித்தால்? அட, நம்ம தமிழ்! இதுதான் அரபுத் தமிழ், அர்வி என்பதும் இதையே. ப, ட, ள, ழ ஆகியவற்றுக்கு அரபியில் எழுத்து இல்லை. அதனால் இருக்கிற எழுத்துகளுக்கே மேலும் கீழும் கூடுதல் புள்ளி வைத்து ஒலியைப் பிடித்தார்கள். புள்ளியைத் தவறவிட்டால் சொல்லே ஆள்மாறாட்டம் செய்துவிடும். துப்பறிகிறவருக்கு இதைவிடத் தீனி உண்டா? தமிழ் எழுத்துப் படிக்காத பெண்கள் பலர் இதில்தான் படித்தார்கள், கடிதமும் எழுதினார்கள்.

அரபுத் தமிழில் இருந்த 'மதீனத்துந் நுஹாஸ்' பிற்பாடு 'தாமிரப் பட்டணம்' என்று தமிழ் எழுத்திலும் வந்தது. தேடிப் பிடிக்கும்வரை பொறுமை இல்லாதவர்களுக்கு, இதே பெயரில் 'ஆயிரத்தொரு இரவுகளில்' ஒரு கதை உண்டு. ஒரு கோட்டை நகரம், உள்ளே போக வாசலே தெரியவில்லை. ஏணி வைத்து ஏறுகிறவன் மதில் உச்சியிலிருந்து உள்ளே பார்க்கிறான், கை தட்டுகிறான், குதித்துச் சாகிறான். அடுத்தவனும் அப்படியே! பூட்டிய அறைக்குள் கொலை என்று நாம் பிரமிப்போமே, இங்கே பூட்டியிருப்பது ஓர் ஊர். அவன் என்ன பார்த்தான்? சொல்லமாட்டேன்.

இரண்டாவது சிபாரிசு கடலுக்கு அந்தப்பக்கம். கண்டி வழக்கறிஞர் சித்தி லெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்'. எகிப்தில் களவாடப்பட்ட குழந்தை பம்பாயில் வளர்கிறது. அவன் யார் பிள்ளை என்பதுதான் முடிச்சு. மூன்றாவது, சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. அதில் வழக்கறிஞர்கள் கணேஷும் வசந்தும் பேயா, விஞ்ஞானமா என்று திணறுவதை தாமிரப் பட்டணத்து மர்மத்தோடு சேர்த்துப் படியுங்கள், நூறு வருட இடைவெளி காணாமல் போகும்.

"எல்லாம் பழசு, லாத்தா" என்றான் சின்னவன். "நீ படிக்காத வரைக்கும் அது புதுசுதான்டா" என்றேன். போகும்போது மூன்று பெயரையும் போனில் குறித்துக்கொண்டான். மிச்சத் தொதலையும் எடுத்துக்கொண்டான்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் அரபு எழுத்தில் பழுத்த தாள் கிதாபு கிடந்தால், ஓதுகிற நூல் என்று நினைத்து மூடிவிடாதீர்கள், பழைய பேப்பரோடும் போட்டுவிடாதீர்கள். அர்வி வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களில் ஒருவரிடம் கொடுத்து, முதல் பக்கத்தை இந்த வாரமே வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.