கணக்கேட்டில் கரையும் கட்டுமரங்கள்

புதுடெல்லி: ஆந்திரத்தின் விசாகப்பட்டினம் தொடங்கி ஒடிசாவின் புரி வரை நீளும் கடற்கரையில், மீனவர்கள் தம் கையாலேயே கட்டித் தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளும் மரக்கலம் ஒன்று தலைமுறைகளாகப் புழங்கி வருகிறது. தமிழர்கள் கட்டுமரம் என்று அழைப்பதைத் தெலுங்கு மீனவர்கள் "தெப்பா" என்கின்றனர். இதில் உள்ளே இறங்கி அமர இடம் கிடையாது. மேலேதான் அமர வேண்டும். அலை ஏறினால் அதே வேகத்தில் நீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது.

இதே தத்துவத்தில் அமைந்த "கயாக்" படகுகளை மேலைநாடுகளில் பொழுதுபோக்காக மீன் பிடிப்பவர்கள் பெரும் விலை கொடுத்து வாங்குகின்றனர். ஒட்டுப்பலகையை அறுத்து, தைத்து, ஒட்டி வீட்டுக் கொல்லையிலேயே செய்துகொள்பவர்களும் உண்டு. தூண்டில் தாங்கி, உயர்த்திய இருக்கை, பனிக்கட்டிப் பெட்டி, நங்கூரக் கயிறு என்று ஒவ்வொருவரும் தம் படகைத் தமக்கேற்ப மாற்றியமைப்பது அங்கே ஒரு கலையாகவே மதிக்கப்படுகிறது. ஆனால் அதே வேலையைப் பிழைப்புக்காகச் செய்யும் இந்திய மீனவரின் படகுக்கு அரசின் கணக்கேடுகளில் இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது.

நான்கில் ஒன்றான எண்ணிக்கை

கொச்சியில் இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய கணக்கெடுப்புகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. 2005-ஆம் ஆண்டில் நாட்டில் 1,04,270 இயந்திரமற்ற மீன்பிடிப் படகுகள் இருந்தன. 2010-இல் அவை 50,618 ஆகக் குறைந்தன. 2016-இல் 25,689 மட்டுமே எஞ்சின. பதினோரு ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்காகிவிட்டன. அதே காலத்தில், செலுத்துவதற்கு மட்டும் இயந்திரம் பொருத்திய படகுகளின் எண்ணிக்கை 75,591-இலிருந்து 97,659 ஆக உயர்ந்தது.

மறைந்தவை எல்லாம் அழிந்தவை என்று கொள்ள முடியாது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் ஏராளமாக வழங்கப்பட்டன. அவற்றில் பலவற்றின் தரம் குறித்து அப்போதே விமர்சனம் எழுந்தது. மற்றொரு பகுதி, பின்புறத்தில் ஒரு மரச்சட்டத்தைப் பொருத்தி, எட்டு முதல் பத்து குதிரைத்திறன் கொண்ட இயந்திரத்தைத் தொங்கவிட்ட அன்றே அடுத்த பத்திக்கு மாறிவிட்டது. படகு அதேதான், கட்டியவரும் அவரேதான், ஏட்டில் மட்டும் இனம் மாறிவிட்டது.

கையால் ஆகும் திருத்தங்கள்

தெப்பாவின் அமைப்பு எளிமையானது போலத் தோன்றினாலும் நுட்பமானது. எடை குறைந்த மென்மரங்களே இதற்கு உகந்தவை. அல்பீசியா இன மரங்கள் பெரிதும் பயன்பட்டன. வடக்கு ஆந்திரத்திலும் ஒடிசாவிலும் வழங்கும் வகையில் மரங்கள் இரு பாதிகளாக இணைக்கப்பட்டிருக்கும். கடலுக்குச் செல்லும்போது இரண்டையும் கயிற்றால் பிணைப்பர்; திரும்பியதும் பிரித்து மணலில் உலர வைப்பர். மரம் நீரை உறிஞ்சினால் கனம் ஏறி மிதக்கும் திறன் குறையும் என்பதே காரணம். சென்னை மாகாணத்தின் மீன்வளத்துறை இயக்குநராகப் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல், 1920-இல் வெளியான இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய தமது ஆய்வில் இக்கடற்கரைக் கலங்களை விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

இந்த அடிப்படையின் மீதுதான் ஒவ்வொரு மீனவரும் தம் திருத்தங்களைச் செய்கிறார். வலையும் மீனும் அலையில் அடித்துச் செல்லப்படாமல் இருக்கப் பக்கப் பலகை. காற்றில் ஒதுங்காமல் இருக்க நீரில் இறக்கும் பலகை. பனிக்கட்டிக்குத் தெர்மோகோல் பெட்டி. பிளாஸ்டிக் உறையில் சுற்றிய செல்பேசி. வசதியுள்ளவரிடம் ஜிபிஎஸ் கருவி. ஒவ்வொன்றிலும் ஒரு கணக்கு உண்டு. அமரும் இடத்தை உயர்த்தினால் முதுகுக்கு நல்லது, பார்வையும் நீளும். ஆனால் எடையின் மையம் மேலேறி, படகு எளிதில் புரளும். பெட்டியை முன்னே தள்ளினால் முகப்பு அலைக்குள் குத்தும். பின்னே தள்ளினால் முகப்பு தூக்கி, காற்றில் திசை மாறும். இயந்திரத்தை மாட்டினால் அதன் கனத்தை ஈடுகட்ட மீனவரும் பாரமும் இடம் மாற வேண்டும். எந்தப் பொறியியல் கல்லூரியிலும் பயிலாமலேயே இந்தக் கணக்கைக் கரையில் போட்டுப் பார்க்கின்றனர்.

மரத்துக்கு எங்கே போவது?

பெரிய மென்மரங்கள் அருகியதும் விலை ஏறியதும் மரப்படகின் முதல் நெருக்கடி. மாற்றாக 1980-களில் ஒட்டுப்பலகைப் படகுகள் கன்னியாகுமரி மாவட்டத்திலும் தென் கேரளத்திலும் பரவின. பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளைக் கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு மூடும் முறை அது. கோட்டார் சமூக சேவை சங்கமும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் அதற்குப் பெரும் பங்காற்றின.

ஒட்டுப்பலகைக்கும் சோதனை வந்தது. கோதாவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, வடகிழக்கு மாநிலங்களின் மர அறுவை ஆலைகளையும் ஒட்டுப்பலகை ஆலைகளையும் முடக்கியது. காடுகளைக் காக்க அந்த ஆணை அவசியமாக இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் காட்டு மரத்தை நம்பியிருந்த சிறு மீனவருக்கு மாற்று என்ன என்ற கேள்வி அந்த விவாதத்தில் எழவே இல்லை.

கடற்பயன்பாட்டுக்கான ஒட்டுப்பலகைக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 710 என்ற தரத்தை வகுத்துள்ளது. 72 மணி நேரம் கொதிநீரில் இட்டாலும் ஒட்டு விடக்கூடாது என்பது அதன் சோதனைகளுள் ஒன்று. விலை மலிவென்று சாதாரணப் பலகையை வாங்குபவர் ஓரிரு பருவங்களிலேயே இழப்பை உணர்கிறார். நல்ல பலகையிலும், தாங்கி பொருத்தத் துளையிட்ட இடத்தைப் பிசினால் அடைக்காமல் விட்டால் அந்தத் துளை வழியே நீர் புகுந்து உள்ளடுக்குகள் அழுகும். இரும்பு ஆணி துருவேறித் தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். மீதியைக் கப்பற்புழு பார்த்துக்கொள்ளும்.

கொச்சியில் 1957-இல் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. பால் வற்றி வெட்டப்படும் ரப்பர் மரத்தைப் பாதுகாப்பு மருந்தில் ஊறவைத்து, மேலே கண்ணாடி இழை போர்த்திய சிறுபடகுகளை உருவாக்கியது. காட்டில் ஒரு மரத்தையும் தொடாமல் படகு கட்டலாம் என்பதற்கு இது சான்று. ஆனால் ஆய்வகத்தில் பிறந்த இந்த அறிவு, கரையில் உளி பிடிப்பவரைப் போய்ச் சேர்வதற்கான பாலம் பலவீனமாகவே உள்ளது.

விலக்கும் விலகலும்

மீன்பிடித் தடைக்காலம் 2015-இல் 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மத்திய அரசின் ஆணையில் இயந்திரமற்ற பாரம்பரியப் படகுகளுக்கு விலக்கு உண்டு. அதாவது, முதுமையாலோ உடல்நலிவாலோ துடுப்புப் போட இயலாமல் சிறு இயந்திரத்தை மாட்டிக்கொண்டவர், மாட்டிய அன்றே அந்த விலக்கின் பாதுகாப்பை இழக்கும் நிலைக்கு வருகிறார். கழற்றி வைத்துவிட்டால் அதே படகு மீண்டும் இயந்திரமற்றதாகுமா என்ற கேள்விக்குக் கரையில் நிற்கும் அதிகாரியின் மனமே விடை.

2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு படகுப் பதிவு கடுமையாக்கப்பட்டது. தீவிரவாதிகள் கைப்பற்றி வந்தது ஒரு பெரிய விசைப்படகு. பாதுகாப்புக்குப் பதிவு தேவை என்பதை மீனவர்களும் மறுப்பதில்லை. ஆனால் வரைபடமும் கட்டுமிடச் சான்றும் இல்லாத கையால் கட்டிய படகு, பதிவு அலுவலகத்தின் வாசலில் தடுமாறுகிறது.

இழப்பீட்டிலும் இதே கதைதான். 2015-ஆம் ஆண்டின் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி நெறிமுறைகளின்படி, முற்றிலும் அழிந்த படகுக்கு 9,600 ரூபாய் என்று இருந்தது. ஓரளவு சேதமடைந்த படகுக்கு 4,100 ரூபாய் என்று இருந்தது. 2014-இல் ஹூட்ஹூட், 2019-இல் ஃபானி என்று புயல்கள் தொடர்ந்து தாக்கிய கடற்கரை இது. மறுபுறம், 2020-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பாரம்பரிய மீனவருக்கான மாற்றுப் படகு, வலைக்கு 5 லட்சம் ரூபாய் அலகு மதிப்பு. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதமும் மானியம். மீதி 3 லட்சமோ 2 லட்சமோ மீனவரின் பொறுப்பு. பழைய படகைத் திருத்திக்கொள்ள அதில் ஒரு சிறு பங்கு போதும் என்பவருக்கு, மாற்றுப் படகுக்கான இந்த இனத்தில் வழியில்லை.

2024 ஆகஸ்டில், படகுகளில் இஸ்ரோவின் தொழில்நுட்பத்திலான தொடர்புக் கருவிகளை இலவசமாகப் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு லட்சம் கருவிகள் என்பது இலக்கு. புயல் எச்சரிக்கை நடுக்கடலில் எட்டும் என்பது பெரும் நன்மை. ஆனால் திட்டம் இயந்திரப் படகுகளை மையமாகக் கொண்டது. புயலில் கரை திரும்ப அதிக நேரம் தேவைப்படுபவர் துடுப்புப் போடுபவரே என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

செய்யக்கூடியவை

செலவு பிடிக்கும் கோரிக்கைகள் அல்ல இவை. சிறு இயந்திரம் பொருத்திய கட்டுமரங்களுக்குத் தனிப்பிரிவு வகுக்கலாம். கையால் கட்டிய படகை நேரில் பார்த்து அளந்து பதிவு செய்யும் முகாம்களைக் கரையிலேயே நடத்தலாம். புதுப் படகுக்கு மட்டுமன்றி, தரமான பலகை, பிசின், மிதவை நுரை வாங்கவும் மானியத்தின் ஒரு பகுதியை ஒதுக்கலாம். கொச்சி ஆய்வகத்தின் அறிவை ஊர்தோறும் உள்ள படகுத் தச்சரிடம் கொண்டு சேர்க்கலாம். 2019-இல் மத்திய அரசில் மீன்வளத்துக்கெனத் தனித் துறை அமைந்த பின்னர், இவற்றை யாரிடம் கேட்பது என்ற குழப்பமும் இல்லை.

"கேட்டமரான்" என்ற சொல்லை உலகம் தமிழிலிருந்து எடுத்துக்கொண்டு, இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகுக்குச் சூட்டிவிட்டது. பெயர் கடல் கடந்துவிட்டது. பெயருக்கு உரிய கலமோ, ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் பாதியாகிக்கொண்டு, வங்கக் கடலோர மணலில் உலர்ந்து கிடக்கிறது.