வரம்பிலுள்ள நீர்முள்ளி: மருந்துக்குப் பறிக்குமுன் கவனிக்க வேண்டியவை

நெல் விளைவிக்கும் கமக்காரர் எவருக்கும் நீர்முள்ளியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வரம்பு செதுக்கும்பொழுது கையையும் காலையும் குத்தும் இச்செடியைக் களையென்று வெட்டியெறிவது வழக்கம். வீட்டில் ஒருவருக்குச் சிறுநீர் கடுத்தாலோ கால் வீங்கினாலோ, வெட்டியெறிந்த அதே செடியைத் தேடி வரம்புக்குச் செல்வதும் வழக்கமே. சிங்கள மக்கள் இதனை நீரமுல்லிய என்பர். மாத்தளை மாவட்டத்தில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் ஆகிய யாவருடைய வீடுகளிலும் இதன் கஷாயம் நெடுங்காலமாகக் குடிக்கப்பட்டு வருகின்றது.

சென்ற சிறுபோகத்தில் வயல்களைப் பார்வையிடச் சென்றபொழுது நான் கண்ட காட்சியே இப்பிரசுரத்தை எழுதத் தூண்டிற்று. ஒரு வரம்பின் ஒரு முனையில் மகன் களைகொல்லி தெளித்துக்கொண்டிருந்தார். மறு முனையில் அவருடைய தாயார், தமது வீங்கிய கால்களுக்கு மருந்தாக, நீர்முள்ளியை வேருடன் பிடுங்கிக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். மகன் செய்யும் வேலை தாயின் மருந்தைக் கெடுக்குமென்று இருவரும் எண்ணவில்லை. இம்மூலிகையின் பயனையும், அதனைப் பயன்படுத்துவதில் உள்ள அபாயங்களையும் கமக்காரர் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும்.

செடியை இனங்காணல்

நீர்முள்ளி ஆடாதோடையின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலாளர் இதனை ஐகிரோபிலா ஓரிகுலாட்டா என அழைப்பர். பழைய நூல்களில் அஸ்டெரகாந்தா லொங்கிபோலியா என்னும் பெயரைக் காணலாம். குளக்கரை, வாய்க்காலோரம், நீர் தேங்கும் பள்ளம், வயல் வரம்பு ஆகிய ஈரமான இடங்களில் இது தானாக முளைத்து, இரண்டு முதல் நான்கு அடி உயரம் வரை வளரும்.

தண்டு சற்றே சதுரமாகவும் கணுக்களில் உரோமம் உடையதாகவும் இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் ஆறு இலைகள் வட்டமாக அமைந்திருக்கும். அவற்றுள் வெளிப்புற இலைகள் இரண்டும் நீளமானவை. மற்றை நான்கும் சிறியவை. இலைக் கக்கங்களில் மஞ்சள் நிறமான நேரிய முட்கள் உண்டு. பூக்கள் ஊதா நிறமானவை. கணுவைச் சுற்றி நெருங்கிப் பூக்கும். விதையை நீரிலிட்டால் உடனே வழுவழுப்பான பசையாகும். இப்பசை நீர்முள்ளி விதைக்குரிய நல்ல அடையாளமாகும்.

முள் உள்ளதெல்லாம் நீர்முள்ளியாகாது. தெருவோரத்திலும் வரண்ட தரிசிலும் வளரும் பிரமதண்டும் முட்செடியே. அதன் பூ மஞ்சள் நிறமானது. தண்டை முறித்தால் மஞ்சட் பால் வடியும். அதன் விதையெண்ணெய் கலந்த உணவை உண்டவர்களுக்கு உடல் வீங்கி இதயம் பழுதுறும். வீக்கத்துக்கு மருந்து தேடுபவர் வீக்கத்தை உண்டாக்கும் செடியைக் கொண்டுவருதல் எவ்வளவு கேடென்பதைச் சொல்ல வேண்டியதில்லை. செடியைத் திடமாக அறியாதவர் பறித்தலாகாது.

நாட்டு வைத்தியத்தில் இதன் பயன்

ஆயுர்வேதத்தில் இச்செடிக்குக் கோகிலாட்சம் என்று பெயர். குயிலின் கண் என்பது அதன் பொருள். சித்த வைத்தியத்திலும் இதற்குச் சிறப்பான இடம் உண்டு. வேர், இலை, விதை, முழுச்செடி ஆகிய யாவும் மருந்தாகும். நீர்க்கடுப்பு, கல்லடைப்பு, உடல் வீக்கம் ஆகியவற்றுக்கு முழுச்செடியை அல்லது வேரைத் தனியாகவோ, நெருஞ்சில், பொல்பலா எனப்படும் சிறுபூளை ஆகியவற்றுடன் சேர்த்தோ கஷாயமிடுவர். விதையைப் பாலுடன் சேர்த்து உடல் தேறுவதற்குக் கொடுப்பர். இளந்தளிரைக் கீரையாக ஆக்கி உண்போரும் உளர்.

இச்செடி சிறுநீரைப் பெருக்கும் என்னும் முன்னோர் கூற்றுக்கு ஆதாரம் உண்டு. எலிகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகளில் அவ்வியல்பு காணப்பட்டுள்ளது. இதன் சாம்பலில் பொட்டாசிய உப்புக்கள் மிகுந்துள்ளன. எனினும், பழுதுற்ற சிறுநீரகத்தை இது குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சிறுநீரைப் பெருக்குவது வேறு. சிறுநீரகத்தைக் குணப்படுத்துவது வேறு. இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் அவசியம்.

எங்கே பறிக்கலாகாது

களைகொல்லி தெளித்த வரம்பிலும், அதற்கு அண்மையிலும், தெளித்த வயலின் வடிகாலிலும் நீர்முள்ளியைப் பறித்தலாகாது. தெளித்த அன்றே செடி வாடிவிடாது. சில நாட்களுக்குப் பசுமையாகவே நிற்கும். ஆகவே, பச்சையாயிருக்கின்றதென்று நம்பிப் பறித்தல் தவறு. பக்கத்து வயற்காரர் எப்பொழுது என்ன தெளித்தார் என்பதையும் கேட்டறிய வேண்டும். தம்புள்ளை, கலேவெல போன்ற பகுதிகளில் காய்கறித் தோட்டங்களுக்கு அடிக்கடி கிருமிநாசினி தெளிப்பவர்கள், அத்தோட்டங்களின் கழிவுநீர் ஓடும் கான்களிலுள்ள செடிகளை மருந்துக்கென எடுக்கலாகாது. பெருந்தெருவின் ஓரத்திலும் குப்பை கொட்டும் இடத்திலும் உள்ளவையும் ஆகா. ஈரநிலச் செடிகள் சேற்றிலும் நீரிலும் உள்ள உலோக நஞ்சுகளை வேரினால் உறிஞ்சக்கூடியவை. கழுவினாலும் காய்ச்சினாலும் அவை நீங்கா.

எட்டு ஒன்றாகும்பொழுது

நமது நாட்டில் எட்டுப் பங்கு நீரை ஒரு பங்காக வற்றக் காய்ச்சுவதே கஷாயத்தின் முறை. இங்கு கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஏழு பங்கு நீர் ஆவியாகப் போனாலும், அந்நீரிலிருந்த உப்புக்கள் ஆவியுடன் போகா. உலர்வலயத்துக் கிணறுகள் பலவற்றின் நீர் கடினமானது. சிலவற்றில் புளோரைட்டும் மிகுதி. உலக சுகாதார தாபனம் ஒரு லீற்றர் குடிநீரில் 1.5 மில்லிகிராம் புளோரைட்டுக்கு மேல் இருத்தலாகாது என்கின்றது. அவ்வளவுக்கு மேற்பட்ட நீரை எட்டிலொன்றாக வற்றச் செய்தால், எட்டுக் கோப்பையின் சுமையிற் பெரும்பகுதி ஒரு கோப்பையில் வந்து சேரும். எனவே கஷாயத்துக்கு மழைநீரையோ சுத்திகரிப்பு நிலையத்து நீரையோ பயன்படுத்துதல் நன்று.

யார் குடிக்கலாகாது

காரணம் திட்டமாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களின் நடுப்பகுதியில் வடமத்திய மாகாணத்தில் முதலில் கவனத்துக்கு வந்தது. பின்னர் அயல் மாகாணங்களிலும், நமது மாவட்டத்தில் வில்கமுவப் பகுதியிலும் அது காணப்பட்டது. நீரிழிவோ உயர் இரத்த அமுக்கமோ இல்லாத நெற்கமக்காரர், சிறப்பாக நடுவயது ஆண்கள், இதனாற் பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளனர். குடிநீரின் தன்மை, வெயிலில் உடல் நீரிழத்தல், விவசாய இரசாயனங்கள் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. தொடக்கத்தில் இந்நோய்க்கு அறிகுறியே இராது. கால் வீங்கும்பொழுது நோய் முற்றியிருக்கக்கூடும்.

பழுதுற்ற சிறுநீரகத்தினால் பொட்டாசியத்தைச் சரிவர வெளியேற்ற இயலாது. அந்நிலையிலுள்ளவர் பொட்டாசியம் மிகுந்த கஷாயத்தை நாள்தோறும் குடித்தால், அது இரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கலாம். நல்ல உடல்நலம் உள்ளவரும் வெயிலில் வேலை செய்யும் நாட்களில் சிறுநீர் பெருக்கும் கஷாயத்தைக் குடித்தலாகாது. வேர்வையாலும் சிறுநீராலும் ஒருங்கே நீரிழந்தால் சிறுநீரகம் வருந்தும். கர்ப்பிணிகளின் கால் வீக்கம் இரத்த அமுக்க உயர்வின் அறிகுறியாக இருக்கலாம். அவர்கள் தாமதியாது தாய்சேய் நலச் சிகிச்சை நிலையத்துக்குச் செல்ல வேண்டும். இரத்த அமுக்கத்துக்கோ நீரிழிவுக்கோ மருந்து உண்பவரும் வைத்தியரைக் கேளாது இதனைத் தொடுதல் ஆகாது.

ஆகவே, கால் வீக்கமோ சிறுநீர்க் குறைவோ கண்டால் முதலிற் செய்ய வேண்டியது பரிசோதனை. சிறுநீரில் அல்புமினும் இரத்தத்தில் கிரியட்டினினும் எவ்வளவு என்பதை அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாக அறியலாம். முன் கூறிய தாயார் அன்று தமது கட்டை வரம்பிலேயே விட்டுவிட்டு, மறுநாள் மகனுடன் வைத்தியசாலைக்குச் சென்றார். சிறுநீரகம் ஓரளவு பழுதுற்றிருந்தமை அங்கு தெரியவந்தது. இப்பொழுது ஒழுங்காகச் சிகிச்சை பெற்று வருகின்றார். கஷாயத்துடன் மூன்று மாதம் கழித்திருப்பாராயின் நிலைமை வேறாகியிருக்கும்.

நாட்டு வைத்தியத்தை விரும்புவோர், 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற வைத்தியரை நாடுதல் வேண்டும். பரிசோதனை அறிக்கையை அவரிடமும் காட்டுக. அளவையும் நாட்களையும் அவரே தீர்மானிக்கட்டும்.

முள்ளும் சேறும்

நீர்முள்ளி குத்திய காலுடன் சேற்றில் நிற்றல் ஆபத்தானது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சற் கிருமி காயத்தின் வழியே உடலிற் புகும். 2008ஆம் ஆண்டில் நாட்டிற் பரவிய எலிக்காய்ச்சல் மாத்தளை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கிற்று. அந்நோயும் சிறுநீரகத்தைக் கெடுப்பதே. செடியைப் பிடுங்குமுன் கையுறையும் காலணியும் அணிக. வயலில் இறங்கியபின் காய்ச்சலும் தசைநோவும் கண்டால் வீட்டு மருந்தை நம்பியிராது உடனே வைத்தியசாலைக்குச் செல்க. தடுப்பு மாத்திரைகளைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம்.

தனி மூலையில் வளர்த்தல்

மருந்துக்கு நீர்முள்ளி வேண்டுமாயின் அதற்கென ஓர் இடத்தை ஒதுக்குவதே சிறந்த வழி. வாய்க்கால் நீர் நேரே வந்து சேரும், பிற வயல்களின் கழிவுநீர் பாயாத, ஈரமான ஒரு மூலையைத் தெரிவு செய்க. முற்றிய விதைகளைச் சேர்த்து உலர்த்தி வைத்து, பெரும்போக மழை தொடங்கியதும் மண்ணிற் தூவி, மெல்லிதாக மண் மூடுக. அம்மூலைக்குக் களைகொல்லியோ கிருமிநாசினியோ தெளித்தலாகாது. தேவைக்கு மேற்பட்ட செடிகளைப் பூக்கும் பருவத்திலேயே, விதை முற்றுமுன் பிடுங்கிவிடுக. அவ்வாறு செய்தால் இது வயலிற் பரவித் தொல்லை தராது. பறித்த செடியைச் சுத்தமான நீரிற் கழுவி, நிழலில் உலர்த்தி, பூஞ்சணம் பற்றாதவாறு சேமிக்க வேண்டும்.

முடிவாக, நினைவில் வைக்க வேண்டியவை நான்கு: செடியைத் திடமாக அறிந்து பறித்தல், நஞ்சு தெளியாத இடத்திற் பறித்தல், கஷாயத்துக்கு நல்ல நீரைப் பயன்படுத்தல், குடிக்குமுன் சிறுநீரகத்தைப் பரிசோதித்தல். களைகொல்லி தெளிக்கும் நாளை வீட்டாருக்கும் அயலாருக்கும் முன்னரே அறிவித்தல் ஒவ்வொரு கமக்காரரின் கடமையாகும். மேலும் விபரம் வேண்டுவோர் கமநல சேவை நிலையத்தில் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரைச் சந்திக்கலாம்.