தலைகீழாகத் தொங்கும் புழுவைத் தட்டிவிடாதீங்க

நிலக்கடலைக் காட்டில் செடி நுனியைப் பிடித்தபடி ஒரு புழு தலைகீழாகத் தொங்கிச் செத்திருந்தால், அதைத் தட்டிவிட்டுப் போய்விடாதீங்க. தொட்டால் தோல் கிழிந்து கூழாக ஒழுகும், நாற்றமும் அடிக்கும். என்.பி.வி. என்கிற வைரஸ் நோயில் செத்த புழு அது. பூச்சியினத்தைத் தாக்கும் பாக்குலோ வைரஸ் கூட்டத்தைச் சேர்ந்தது இந்த வைரஸ்.

ஓட்டுக்குள் பருப்பு இருப்பதுபோல, ஒரு புரத உறைக்குள் வைரஸ் இருக்கிறது. இலையோடு சேர்த்துப் புழு அதைத் தின்னும். புழுவின் குடல் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரத்தில் உறை கரைந்து வைரஸ் வெளியே வந்து, உடம்பெல்லாம் பெருகிவிடும். ஒவ்வொரு வைரஸும் தனக்கென்று உள்ள புழுவைத்தான் பிடிக்கும். மனிதர், ஆடு மாடு, தேனீ, பொறிவண்டு எதற்கும் தீங்கில்லை. அதே காரணத்தால், பச்சைக் காய்ப்புழுவின் வைரஸை வாங்கி வந்து புரொடீனியாப் புழுவுக்கு அடித்தால் பலன் இருக்காது. கடையில் வாங்கும்போது எந்தப் புழுவுக்கானது என்று கேட்டு வாங்குங்க.

பட்டுப்புழு வளர்ப்பவர்கள் பயப்படும் பால்புழு நோயும் இதே கூட்டத்து வைரஸால் வருவதுதான். ஆனால் அது வேறு வைரஸ்.

புதிதாக இயற்கை வழிக்கு வந்தவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சாயங்காலம் அடித்துவிட்டு, மறுநாள் காலையில் புழு இன்னும் தின்பதைப் பார்த்ததும், "இது வேலைக்காகாது" என்று விஷ மருந்தைக் கையில் எடுத்துவிடுவாங்க. அதோடு காட்டில் சேர்ந்திருந்த ஒட்டுண்ணிக் குளவிகளும் போச்சு. வைரஸ் புழுவைக் கொல்ல 4 முதல் 7 நாள் ஆகும். முப்பது வருஷம் வங்கியில் இருந்தவன் சொல்கிறேன், முதிர்வு நாளுக்கு முன்னால் வைப்புத்தொகையை உடைத்தால் நட்டம் நமக்குத்தான்.

அதனால் புழு சிறிசாக இருக்கும்போதே அடிக்கணும். வரப்பு ஓரம் ஆமணக்கு ஊன்றி வையுங்க. புரொடீனியா அந்துப்பூச்சி அதன் இலையில் குவியலாக முட்டை வைக்கும். பொரித்த குஞ்சுப் புழுக்கள் கூட்டமாக இருந்து பச்சையத்தைச் சுரண்ட, இலை சல்லடையாகத் தெரியும். அதுதான் சரியான நேரம். பெரிசான பிறகு பகலில் மண்ணுக்குள் ஒளிந்துகொண்டு இரவில் மேயும். அதற்கு அதிக வைரஸ் வேணும், நாளும் கூடுதலாகும்.

நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 100 எல்.ஈ. போதும். ஒரு எல்.ஈ. என்பது நோயில் செத்த ஒரு பெரிய புழுவில் கிடைக்கும் வைரஸ் அளவு. கடையில் கிடைக்காவிட்டால், தொங்கும் புழுக்களில் பெரிசாக நூறு பொறுக்கி, தண்ணீர் விட்டு நசுக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி அன்றைக்கே தெளிக்கலாம். ஒரு கிலோ வெல்லமும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் சேர்த்துக்கோங்க. வெயிலின் புற ஊதாக் கதிர் வைரஸைச் செயலிழக்கச் செய்துவிடும், அதனால் பொழுது சாயும்போதுதான் தெளிக்கணும். இலையின் அடிப்பக்கமும் நனையட்டும். சுண்ணாம்பு சேர்ந்த எந்தக் கலவையோடும் கலக்காதீங்க. காரம் பட்டால் அந்தப் புரத உறை டேங்கிலேயே கரைந்துவிடும்.

ஐந்தாம் நாள் போய்ச் செடி நுனிகளைப் பாருங்க. தொங்குகிற புழுக்களில் கொஞ்சத்தை அப்படியே விட்டுவையுங்க. அவை ஒழுகிய இலையைத் தின்கிற அடுத்த புழுவுக்கும் நோய் பரவும். மீதி வைரஸ் மண்ணில் தங்கும். அந்தச் செலவு நமக்கு இல்லை.