ஆரத்தி ஏன் பழுப்பாச்சு?

வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தி, அந்தக் கறையில் சோப்பு போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? மஞ்சள் கறை சட்டென்று சிவப்பாகும். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சள். கல்யாண வாசலில் சுற்றும் ஆரத்தியும் இதே சமாச்சாரம்தான். ஒரு சொதப்பலுக்குப் பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

போன தை மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்ற தோரணையில், "காப்பு நூல், அட்சதை, ஆரத்தி எதையும் கடையில வாங்க வேண்டாம், எல்லாம் வீட்லயே செஞ்சிடலாம்" என்று சொல்லிவிட்டேன். அம்மா சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டேன்.

முதலில் நூல். வெள்ளைப் பருத்தி நூலைப் பல இழை சேர்த்து முறுக்கி, மஞ்சள் தூள் கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, நிழலில் காயவைக்க வேண்டும். பல இயற்கைச் சாயங்கள் துணியில் பிடிக்கப் படிகாரம் மாதிரி ஏதாவது வேண்டும். மஞ்சளுக்குத் தேவையில்லை, பருத்தியில் தானாகவே ஏறும். ஆனால் வெயில் பட்டால் வெளுத்துவிடும், அதனால்தான் நிழல். அந்த நூலில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டினால் காப்பு. பொன் வாங்க வழியில்லாத வீட்டில் அதுவே தாலி.

அடுத்து அட்சதை. முனை முறியாத பச்சரிசி, மஞ்சள் தூள், சில சொட்டு நெய். 'அட்சதம்' என்ற வடசொல்லுக்கே முறியாதது என்றுதான் பொருள். நெய் எதற்கு? மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் கரையும். நெய் விடாமல் பிசைந்து பார்த்தேன். பாதித் தூள் தட்டின் அடியில்தான் கிடந்தது.

இது வரைக்கும் சரி. ஆரத்தியில்தான் மாட்டிக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் வருகிறார்கள், ஒரு வேலை குறையட்டுமே என்று காலையிலேயே ஒரு பாத்திரத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து மூடி வைத்தேன். அருமையான சிவப்பு. சாயங்காலம் திறந்தால் கலங்கின டீ மாதிரி பழுப்பு. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டேன், அசையவில்லை. வாசலில் மாப்பிள்ளை காரை விட்டு இறங்கியாச்சு.

அம்மா எட்டிப் பார்த்தாள். "காலையிலேயே கலந்துட்டியாடா? ஆள் வாசலுக்கு வந்தப்புறம்தானே சுண்ணாம்பு போடணும்!" பெரியம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து மிளகளவு சுண்ணாம்பைக் கிள்ளி, புதிதாகக் கரைத்த மஞ்சள் தண்ணீரில் போட்டாள். ரெண்டே நிமிஷம். தட்டு வாசலுக்குப் போய்விட்டது.

அப்புறம் உட்கார்ந்து படித்தேன். குர்குமின் அமிலத்தில் மஞ்சள், காரத்தில் சிவப்பு. பிஎச் அளவு 7.4 தாண்டும்போது மாற ஆரம்பித்து, 8.6 வாக்கில் முழுக்கச் சிவந்துவிடும். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பிஎச் 12க்கு மேல், அதனால் துளி போதும். எலுமிச்சை பிழிந்தால் திரும்ப மஞ்சளாகும், செய்து பாருங்கள். ஆனால் காரக் கரைசலில் குர்குமின் ரொம்ப நேரம் தாங்காது, மூலக்கூறே சிதைந்துவிடும். சிதைந்த பிறகு எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் சிவக்க அங்கே எதுவும் மிச்சமில்லை. (சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.)

என் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பொருள், அளவு எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். எப்போது கலக்க வேண்டும் என்பது மட்டும் இல்லை. அம்மா அதைச் சொல்லவே இல்லை. யாராவது காலையிலேயே கலந்து வைப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

அடுத்து வீட்டுக் குங்குமம். இந்த முறை எழுதிக்கொள்ளப் போவதில்லை. அம்மா செய்ய, பக்கத்தில் நின்று பார்க்கப் போகிறேன்.