பாட்டுக்கு உரியவர் யார்?

முன்னொரு காலத்தில் ஒருவருடைய பாட்டு ஊராரின் காதுக்கு எட்ட வேண்டுமாயின், இரண்டு வாயில்களில் ஒன்றேனும் அவருக்குத் திறக்க வேண்டியிருந்தது. ஒன்று இசைத்தட்டுக் கம்பனியின் வாயில்; மற்றது வானொலி நிலையத்தின் வாயில். பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிடமே அடங்கும். அந்த மூன்று நிமிடத்தைப் பெறுவதற்காகப் பாடகர்கள் எத்தனை படிகளை ஏறி இறங்கினர்! வாயில் திறவாமையால் குரல் வெளிப்படாமலே மறைந்தோர் எத்தனை பேரென்று யாரே கணக்கிட வல்லார்?

இன்று நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. வீட்டிலே ஓர் அறையும், ஒரு கணினியும், நல்ல ஒலிவாங்கி ஒன்றும் கைவசமுள்ள இளைஞன் பாடிப் பதியும் பாட்டு, சில நாட்களில் யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் ஒரே வேளையில் கேட்கப்படலாம். ஆயின், பாட்டை வெளியிடுதல் எளிதாகிவிட்டமையால் அதனைக் காத்தலும் எளிதாகிவிட்டதென்று எண்ணுவது பெருந்தவறாகும்.

ஸ்பொட்டிஃபை, அப்பிள் மியூசிக் முதலிய இணைய இசைக்கூடங்களில் தனிப்பாடகர் நேரே சென்று தம் பாட்டை வைத்தல் இயலாது. இடையே விநியோகஸ்தர் ஒருவர் வேண்டும். 1998இல் தோன்றிய சீடி பேபி, 2013இல் தோன்றிய டிஸ்ட்ரோகிட் என்பன இத்தொழிலில் பெயர் பெற்றவை. இவற்றுள் சில ஆண்டுச் சந்தா வாங்குகின்றன. சில வருமானத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. சந்தா நின்றால் பாட்டும் கூடத்தினின்று அகற்றப்படுமா என்பதை முதலிலேயே கேட்டறிதல் நலம். ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்தும் இலக்கமும் கொண்ட அடையாளக் குறியொன்று வழங்கப்படும். பாட்டு எங்கே ஒலித்தாலும் அதன் கணக்கு இக்குறியைக் கொண்டே அறியப்படுவதால், அதனைப் பத்திரமாகக் குறித்து வைத்தல் வேண்டும்.

அடுத்து, ஒரு பாட்டில் இரண்டு சொத்துக்கள் உண்டென்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். சொல்லும் மெட்டும் சேர்ந்த ஆக்கம் ஒன்று. அதனைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு மற்றொன்று. எழுதியவர் ஒருவர், மெட்டமைத்தவர் ஒருவர், பாடியவர் ஒருவர் என்றிருப்பின், எவருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பாட்டு வெளிவருமுன்னரே எழுத்தில் வைத்துக்கொள்வது நட்புக்கும் நன்று. எமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கியவரின் பொருளாதார உரிமை அவர் வாழ்நாளிலும் அதன்பின் 70 ஆண்டுகளும் நிலைக்கும். பேரப்பிள்ளைகளுக்கும் பயன்படக்கூடிய இச்சொத்தை ஒரு கைச்சாத்தினால் இழந்துவிடலாமா?

2020ஆம் ஆண்டில் சதீஷன் ரத்நாயக்க பாடி வெளியிட்ட 'மெனிகே மகே ஹிதே' என்னும் சிங்களப் பாட்டை நினைவுகூர்க. 2021 மே மாதத்தில் யொஹானி அவருடன் சேர்ந்து அதனை மீண்டும் பாடி யூடியூபில் வெளியிட்டார். பார்த்தவர்கள் தாமும் பாடியும் ஆடியும் சிறு காணொளிகளாகப் பரப்பினர்; கடல் கடந்து இந்தியாவெங்கும் அது ஒலித்தது. 2022இல் இந்தித் திரைப்படமொன்றிலும் இடம்பெற்றது. ஒரு பாட்டு எந்நாளில், எவ்வழியில் உயிர்பெறும் என்பதை எவரும் முன்னறியார். ஆதலாலேயே, கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தை இருமுறை படித்தல் வேண்டும். பாட்டை விநியோகிக்க மாத்திரம் அனுமதி கேட்கிறார்களா, அன்றி உரிமையையே கேட்கிறார்களா என்பதே அங்கு பார்க்க வேண்டியது.

வருமானம் எப்படி? ஸ்பொட்டிஃபையில் ஒருமுறை கேட்பதற்கு இத்தனை சதம் என்ற நிலையான விலை இல்லை. சந்தாவாலும் விளம்பரத்தாலும் சேரும் பணத்தில் ஒரு பகுதி, அவரவர் பாட்டுக் கேட்கப்பட்ட அளவுக்கேற்பப் பிரிக்கப்படுகிறது. குறைந்தது 30 வினாடி கேட்டாலே அது கணக்கிற் சேரும். 2024 முதல், முந்திய 12 மாதங்களில் 1,000 தடவையேனும் கேட்கப்படாத ஒலிப்பதிவுக்கு அங்கே பணமில்லை. இதற்கு மாறாக, பாண்ட்காம்ப் என்னும் தளத்தில் இரசிகரே பாட்டை விலைகொடுத்து வாங்குகிறார். தளம் எடுப்பது பொதுவாக நூற்றுக்கு 15 வீதம். பணம் அனுப்பும் செலவு வேறு. விரும்பி வாங்கும் நூறு பேர், தற்செயலாகக் கேட்டுச் செல்லும் பல்லாயிரவரிலும் பெருந்துணையாகலாம். எனினும், அப்பணத்தை எம் நாட்டிலிருந்து பெறும் வழி யாதென்பதை முன்னரே விசாரித்துக்கொள்க.

விளம்பரத்திலும் அவசரம் ஆகாது. வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாட்கள் முன்னதாகவே ஸ்பொட்டிஃபையின் பாடற்றெரிவாளர்க்குப் பாட்டைச் சமர்ப்பித்தல் வேண்டும். பாட்டின் சிறந்த பகுதியைச் சிறு காணொளியாக்கி முன்கூட்டியே வெளியிடலாம். கச்சேரிக்கு வருவோரின் மின்னஞ்சல் முகவரிகளை, அவர்கள் சம்மதத்துடன், சேர்த்து வைப்பது நன்று. தளங்கள் மாறினும் அப்பட்டியல் பாடகருடையதே. பணம் கொடுத்தால் இலட்சம் தடவை கேட்கச் செய்வோம் என்போரை மட்டும் அண்டவிடலாகாது. பொய்க் கணக்குப் பிடிபடின் வருமானம் நிறுத்தப்படும். பாட்டே நீக்கப்படவும் கூடும்.

அமெரிக்கரான சான்ஸ் த றப்பர் எந்த இசைத்தட்டுக் கம்பனியோடும் ஒப்பந்தம் செய்யாது, 2016இல் 'கலரிங் புக்' என்னும் தொகுப்பை இணையத்தில் மட்டுமே வெளியிட்டார். 2017இல் அதற்குக் கிராமி விருது கிடைத்தது. எல்லார்க்கும் அத்தகைய பேறு வாய்க்குமென்று கூறுவதற்கில்லை. ஆனால், தம் பாட்டைத் தம் பெயரிலேயே வைத்திருத்தல் எல்லார்க்கும் இயலும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை ஒப்பந்தமொன்றைக் கையில் ஏந்தி மகிழ்ச்சியோடு வரும் நாளில், வாழ்த்துவதற்கு முன் அருகில் அமர்த்தி, அதனை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அதன்பின் வாழ்த்தலாம்.