விட்டுவிட்டு வரும் சிக்னல் – 6: மியூவான் சொல்லும் சாட்சி

கேபிள், கனெக்டர், தளர்ந்த சோல்டர் எல்லாம் பார்த்தாயிற்று. இந்த வாரம் எர்த் என்று சொல்லியிருந்தேன். மதுரையில் மியூவான் துகள்களைப் பதிவு செய்யும் உணர்கருவி அடுக்கு குறுக்கே வந்துவிட்டது.

சென்சார் பேசாமல் இருந்தால், அங்கே ஒன்றும் நடக்கவில்லையா, நடந்ததை அது தவறவிட்டதா? பதிவில் இரண்டும் ஒரே வெற்றிடம்தான். இடைவிட்ட கோளாறின் சங்கடமே இது.

இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்துக்காக மதுரையில் நிறுவிய 12 தட்டு அடுக்கில் இதற்கு அருமையான விடை இருக்கிறது. ஒவ்வொரு தட்டும் 2 மீட்டர் சதுரம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் வாயு, குறுக்கே ஏறத்தாழ 10,000 வோல்ட். துகள் கடந்தால் எழும் துடிப்பை 3 சென்டிமீட்டர் பட்டைகள் பிடிக்கும்.

காஸ்மிக் கதிர்கள் தரும் மியூவான்கள் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று வீதம் பொழிகின்றன. கணக்குப் போட்டால் ஒரு தட்டுக்கு நொடிக்கு அறுநூறுக்கு மேல். ஒரே பட்டைக்குப் பத்து! அடுக்கு முழுவதையும் ஊடுருவுபவை இதில் ஒரு பங்குதான், ஆனால் அதுவே போதும். பதினொரு தட்டுகள் பார்த்த நேர்கோட்டை ஏழாவது மட்டும் பார்க்கவில்லையா? தவறியது ஏழாவதுதான். எந்த இடத்தில், எந்த நொடியில் என்பதும் கையில் இருக்கிறது. ஒரு நிபந்தனை: விசாரணையில் இருக்கும் தட்டைக் கோடு வரைவதிலும், பதிவைத் தொடங்கிவைக்கும் டிரிக்கரிலும் சேர்க்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரே சாட்சி சொல்லலாகாது.

தவறிய புள்ளிகளை வரைபடமாக்கினால் காரணம் கண்ணில் படும். ஒரே பட்டை என்றால் அதன் சோல்டர். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் கூட்டாக என்றால் அவற்றின் முன்பெருக்கி போர்டு. தட்டு முழுவதும் ஒரே நொடியில் என்றால் உயர் மின்னழுத்தம் அல்லது தரவு இணைப்பு. எனக்கு மிகவும் பிடித்தது வேறு: சீரான இடைவெளியில் நிரந்தரமாகத் தெரியும் சிறு பொட்டுகள். கண்ணாடிகளைப் பிரித்துத் தாங்கும் பொத்தான்கள் அவை. அங்கே வாயு இல்லை, துடிப்பும் இல்லை. அது கோளாறே அல்ல. நேரத்தோடு மாறும் இழப்பை மட்டுமே துரத்த வேண்டும்.

மௌனத்தை நம்புவது பற்றி ஒரு பழைய கதை. தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்த கோலார் தங்கச் சுரங்கத்தில், 1960களின் தொடக்கத்தில், இரண்டரை கிலோமீட்டருக்கும் கீழே விஞ்ஞானிகள் கருவி வைத்தார்கள். சுமார் இரண்டு மாதம் ஒரு மியூவான்கூட இல்லை. அந்த மௌனத்தைப் பழுது என்று ஒதுக்காமல், இது மியூவான்களின் தொல்லையின்றி நியூட்ரினோ தேட ஏற்ற இடம் என்று புரிந்துகொண்டார்கள். 1965இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடம் அதே சுரங்கத்தில் சிக்கியது.

உங்கள் ஆய்வகத்தில் மியூவான் அடுக்கு இருக்காது. பரவாயில்லை. தெரிந்த அளவுள்ள ஒரு சோதனைத் துடிப்பைச் சீரான இடைவெளியில் சென்சாரின் முனையிலேயே செலுத்துங்கள். கூடவே வெப்பம், ஈரப்பதம், நேரம் மூன்றையும் பதிவு செய்யுங்கள். அடுத்த வாரம் எர்த் பற்றிப் பேசும்போது அந்தப் பதிவு தேவைப்படும்.