மருக்காரைக்கு எத்தனை பெயர்?

யூனானி ஹகீம் எழுதித் தந்த மருந்துச் சீட்டில் ‘ஜவ்ஸுல் கை’ என்னும் பெயரை உங்களில் சிலர் கண்டிருக்கலாம். வாந்தி எடுப்பிக்கும் கொட்டை என்பது அந்த அரபுச் சொல்லின் பொருள். வடநாட்டில் அதுவே மைன்பல். ஆயுர்வேத நூல்களில் மதனபலம். தமிழில் மருக்காரை. இத்தனை பெயர்களும் ஒரே முட்புதரின் காயைத்தான் குறிக்கின்றன என்று எப்படித் தெரியும்? யார் ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னார்கள்? இந்தக் கேள்வியைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். வயிற்றைக் கலக்கி வெளியேற்றும் மருந்து அது. ஒரு காய்க்கு மாற்றாக வேறொரு காய் உள்ளே போனால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த மருக்காரையைக் காண நீங்கள் மலையேற வேண்டாம். சென்னையில், கிண்டியில் இருக்கிறது. கிண்டித் தேசியப் பூங்கா என்றதும் நம் பிள்ளைகளுக்குப் புள்ளிமானும் வெளிமானும் நினைவுக்கு வரும். பக்கத்திலுள்ள பாம்புப் பண்ணையும் நினைவுக்கு வரும். மான் மேயும் புதரைப் பார்த்தவர் அரிது. அந்தக் காட்டில் 350க்கும் மேற்பட்ட தாவர வகைகள் உள்ளன. மருக்காரை, பெண்காரை, களா, காட்டு எலுமிச்சை எனப் புதர்களும் சிறு மரங்களும் நெருங்கி நிற்கும் காடு அது.

இவ்வகைக் காட்டைத் தாவரவியலார் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பர். சோழமண்டலக் கரைக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். மற்ற மாதங்களில் வெயில் கொளுத்தும். ஆயினும் இச்செடிகளிற் பல இலையை உதிர்த்துவிடுவதில்லை. தடித்த, தோல் போன்ற சிறு இலைகளைக் கொண்டு கோடையைத் தாங்குகின்றன. ஒரு காலத்தில் கடலோரச் சமவெளியில் பரவிக் கிடந்த இக்காடு இன்று கோடியக்கரை போன்ற இடங்களிலும் கோயிற்காடுகளிலும் துண்டு துண்டாக எஞ்சியிருக்கிறது. கிண்டியும் அப்படி ஒரு துண்டே. 1910இல் ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டபோது ஏறத்தாழ 505 ஹெக்டேர் பரப்பு. பின்னர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கும், சிறுவர் பூங்காவுக்கும், தலைவர்களின் நினைவகங்களுக்கும் பிரிந்தது போக, 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது மிஞ்சியது 270 ஹெக்டேர்.

மருக்காரைக்கு வருவோம். அதன் அறிவியற்பெயரின் கதை சுவையானது. 1780இல் சுவீடன் நாட்டுத் துன்பெர்க் அதற்குக் ‘கார்டினியா ஸ்பைனோசா’ என்று பெயரிட்டார். முள்ளுடையது என்று பொருள். மறு ஆண்டே, 1781இல், அதே நாட்டின் இன்னோர் அறிஞர் ரெட்சியஸ் அதையே ‘கார்டினியா டுமெட்டோரம்’ என்றார்; புதர்க்காட்டில் வளர்வது என்று பொருள். ஒரே செடிக்கு இரண்டு பெயர். பின்வந்தோர் இரண்டாவது பெயரைப் பிடித்துக்கொண்டு, செடியை ராண்டியா என்னும் பேரினத்தில் சேர்த்து, ‘ராண்டியா டுமெட்டோரம்’ என்று எழுதிவந்தனர். மருத்துவ நூல்களிலும் கிண்டித் தாவரங்களின் பட்டியல்களிலும் நெடுங்காலம் அந்தப் பெயரே நின்றது.

ஆனால் தாவரப் பெயரிடலுக்கு ஒரு சட்டம் உண்டு. முறைப்படி முதலில் வெளியான பெயருக்கே முதலுரிமை. ஓராண்டு முந்தியதால் ‘ஸ்பைனோசா’ வென்றது. அது மட்டுமன்று. ராண்டியா என்பது உண்மையில் அமெரிக்கக் கண்டத்துச் செடிகளின் பேரினம்; ஆசியச் செடிகள் பல ஏதோ ஒற்றுமை கருதி அதில் திணிக்கப்பட்டிருந்தன. மொரிசியஸ் நாட்டுத் தாவரவியலார் திருவேங்கடம் இவற்றைப் பிரித்து ஆராய்ந்தார். 1978இல், கிண்டி தேசியப் பூங்காவான அதே ஆண்டில், மருக்காரை ‘கட்டுநாரகம் ஸ்பைனோசா’ ஆயிற்று. 1983இல் பெண்காரை ‘பெண்காரா மலபாரிகா’ ஆயிற்று.

இந்தப் பேரினப் பெயர்கள் உங்கள் காதுக்கு எங்கோ கேட்டவை போல ஒலிக்கின்றன அல்லவா? இலத்தீன் எழுத்தில் இருக்கும் அவை காட்டு நாரகம், பெண்காரை என்னும் நம் மண்ணின் சொற்களே. டச்சுக் கம்பெனியின் கொச்சி ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்’ என்னும் நூலில், கேரள வைத்தியர்கள் சொன்ன பெயர்கள் சொன்னபடியே பதிவாயின. அங்கிருந்து அவை அறிவியலுக்குள் புகுந்தன. பெயரிட்டவர் ஐரோப்பியர் என்றாலும் பெயரைச் சொன்னவர் நம் வைத்தியர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஒரு செடிக்குப் பல ஊரில் பல பெயர் என்னும் இத்தொல்லை புதியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் அபூ ஹனீஃபா அத்தீனவரி தமது ‘கிதாபுந் நபாத்’ நூலில் அரபு நாட்டுச் செடிகளை அவற்றின் வழக்குச் சொற்களோடு தொகுத்தார். மலாகாவில் பிறந்து 1248இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைத்தார், ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களை வரிசைப்படுத்தி, பலவற்றுக்குக் கிரேக்க, பெர்பர் பெயர்களையும் இணைத்துக் காட்டினார். மருந்தின் பெயர் பிசகினால் நோயாளிக்குக் கேடு என்பதை அவர் நன்கறிந்திருந்தார். அவர் காலத்தில் இல்லாதது ஒன்றுண்டு: எந்தச் செடியை மனத்திற்கொண்டு ஒருவர் பெயரிட்டார் என்பதை மறு தலைமுறை சரிபார்க்கத்தக்க சான்று. அதைத் தந்ததுதான் இன்றைய முறை.

அந்த முறையைச் சற்று விரிவாகக் காண்போம். காட்டில் ஒருவர் முன்பின் அறியாத புதரைக் காண்கிறார் என வைத்துக்கொள்ளுங்கள். உடனே புதிய இனம் என்று அறிவித்துவிட முடியாது. பூவும் காயும் இல்லாத கிளையை வைத்து எதையும் துணிய முடியாது. ஆகவே ஒரே புதரைத் தேடி வேறு வேறு பருவங்களில் மறுபடியும் போக வேண்டும். பூத்த கிளையை வெட்டிச் செய்தித்தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி, தாளை நாள்தோறும் மாற்றி உலர்த்துவார்கள். உலர்ந்தால் நிறம் போய்விடும், மணம் போய்விடும். அதனால் பூவின் நிறம், மணம், செடியின் உயரம், பால் வடிகிறதா, அருகில் எந்தச் செடிகள் நின்றன, இடம், நாள் ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்வது கட்டாயம். குறிப்பில்லாத மாதிரி வெறும் சருகு.

பிறகு தடித்த தாளில் ஒட்டி, உலர்தாவரக் காப்பகத்தில் உள்ள பழைய மாதிரிகளோடு ஒப்பிடுவார்கள். கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையின் ‘மதராஸ் ஹெர்பேரியம்’ தென்னாட்டுக்கு இதில் பெரிய களஞ்சியம். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியமும் புகழ்பெற்றது, அருட்தந்தை கே. எம். மேத்யூ தமிழகச் சமவெளித் தாவரங்களைப் பற்றி எழுதிய பெருநூல் அங்கிருந்துதான் 1980களில் வெளிவந்தது. ஒப்பிடுவது எளிதன்று. பூவை வெந்நீரில் இளக வைத்து, உருப்பெருக்கியின் கீழ் அறுத்து, இதழ் எத்தனை, மகரந்தத் தாள் எங்கே பொருந்தியிருக்கிறது, சூற்பை எத்தனை அறை என்று எண்ணுவார்கள். மருக்காரையையும் பெண்காரையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் முள் உண்டு, இரண்டுக்கும் வெண்பூ, இரண்டும் காப்பிச் செடியின் குடும்பம். ஆனால் முன்னதன் காய் சிறு கொய்யா போல மஞ்சளாகப் பழுத்து, தலையில் புறவிதழ்க் கிரீடத்தைச் சுமந்திருக்கும். பின்னதன் காய் பட்டாணியளவே. வேறுபாடு எப்போதும் இவ்வளவு தெளிவாக அமைவதில்லை. பல நேரம் ஒரு மயிர், ஒரு சுரப்பி, இவற்றிலேயே வழக்கு தீரும்.

எல்லாம் ஒப்பிட்டும் பொருந்தவில்லையென்றால், அப்போது எழுதுவார்கள். வருணனையும், நெருங்கிய உறவினத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது என்னும் விளக்கமும், கோட்டோவியமும் வேண்டும். 1958 முதல் ஒரே ஒரு மாதிரியை ‘மூலமாதிரி’ என்று குறித்துக் காட்டினாலன்றிப் புதிய பெயர் செல்லாது. அந்தத் தாளில் ஒட்டிய கிளையே அந்தப் பெயருக்குச் சாட்சி. இருநூறு ஆண்டு கழித்தும் ஐயம் எழுந்தால் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். 1935 முதல் 2011 வரை வருணனை இலத்தீன் மொழியில் இருந்தாக வேண்டும் என்று விதி இருந்தது. நம் கல்லூரி ஆசிரியர்கள் அதற்காகவே இலத்தீன் கற்றனர். 2012 முதல் ஆங்கிலமும் போதும்.

ஓவியம் என்றேனே, அதில் நம் நாட்டவரின் பங்கைச் சொல்லாமல் போகலாகாது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் ராபர்ட் வைட் 1838க்கும் 1853க்கும் இடையே 2,101 படங்கள் கொண்ட பெருந்தொகுப்பை வெளியிட்டார். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். வைட் நன்றியுடையவர், ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் ‘கோவிந்தூயியா’ என்றே பெயர் வைத்தார். பின்வந்த ஆய்வில் அது ட்ரோபிடியா என்னும் முந்தைய பேரினத்துக்குள் அடங்கிவிட்டது. முதலுரிமைச் சட்டத்துக்கு நன்றியுணர்வு தெரியாது!

கண்டுபிடிப்பு முடிந்த கதை என்று எண்ணாதீர்கள். களக்காடு முண்டந்துறைக் காட்டிலிருந்து இந்த நூற்றாண்டில்தான் சீதாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்த ‘மிலியூசா திருநெல்வேலிகா’ விவரிக்கப்பட்டது. அதே மலையில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெட்டோம் சிங்கம்பட்டியின் பெயரால் விவரித்த ‘யூஜினியா சிங்கம்பட்டியானா’ நெடுங்காலம் கண்ணில் படாமல், அழிந்திருக்கலாம் என்று கருதப்பட்டு, பின்னர் மீண்டும் கண்டறியப்பட்டது. பெட்டோம் எழுதிவைத்த வருணனை இல்லையென்றால், திரும்பக் கண்டவர்கள் கையில் இருந்தது எது என்று எவராலும் சொல்ல இயலாது. பெயரில்லாத செடி அழிந்தால் அது அழிந்ததென்றுகூடத் தெரியாது. அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்க்கவும் முதலில் பெயர் வேண்டும்.

கிண்டிக் காட்டின் உட்பகுதிக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். அங்கே ஓர் இலையைக் கிள்ளுவதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் நம் ஊர்களில் பல மையவாடிகளில் ஒரு மூலை மண்வெட்டி படாமல் புதராகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டன் காலத்திலிருந்து யாரும் உழாத நிலம் அது. சுற்றுச்சுவர் எழுப்புகிறோம், துப்புரவு செய்கிறோம் என்று ஜமாஅத்தார் இயந்திரத்தை வரவழைக்குமுன், அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் ஆசிரியரை ஒரு முறை அழைத்து வந்து காட்டலாம். அவர் மாணவ மாணவியருடன் வந்து பட்டியல் எடுத்துத் தர அரை நாள் போதும். வெட்ட வேண்டியது சீமைக் கருவேலம் மட்டுமாகவும் இருக்கலாம். கோடை தொடங்கும்போது அழைத்தால் நல்லது. மருக்காரை அப்போதுதான் பூக்கும். வெள்ளையாக மலர்ந்து மஞ்சளாக மாறும் அந்தப் பூவின் மணம் அது நிற்கும் இடத்தைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.